கண்மாயில் கற்றதை அமராவதிக்குக் கொண்டுபோகாதீர்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் காட்டுயிர்ப் படம் எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கோடை வந்துவிட்டால் உங்களில் பலர் முதலைப் படத்துக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, பழனி, உடுமலை வழியாக அமராவதி அணைக்குப் போகிறவர்கள் உண்டு. திருச்சி தாண்டி அணைக்கரை, சிதம்பரம் என்று கொள்ளிடக் கரையைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. போகாதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. முதலையை அதன் ஆற்றிலேயே பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், கட்டாயம் பாருங்கள். தண்ணீர் விளிம்பில் மட்டும் படுக்காதீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் மட்டும் போதாது என்று தெரிந்ததால் காரணங்களையும் எழுதுகிறேன்.

நாம் எல்லோரும் கேமரா பழகியது கண்மாயில்தான். சாமநத்தம், வண்டியூர், தென்கால் என்று ஆளுக்கொரு கண்மாய். கரை மேல் நின்று எடுத்தால் பறவை தண்ணீரோடு ஒட்டித் தட்டையாகத் தெரியும். அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்கினால் பின்னணி கரைந்துவிடும், நாமக்கோழியின் வெள்ளை நெற்றியும் சிவந்த கண்ணும் படத்தில் எழுந்து நிற்கும். இந்த வித்தை பிடிபட்ட பிறகு யாரும் கரையில் நிற்பதில்லை. உள்வாயில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறோம், மடையோரச் சேற்றில் நெஞ்சு பதியப் படுக்கிறோம், ஆகாயத்தாமரைக்கு நடுவே லென்ஸை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கிறோம். கண்மாய் நம்மை ஒன்றும் செய்யவில்லை. கருவேல முள், உடைந்த பாட்டில், எப்போதாவது கண்ணில் படும் ஒரு கண்ணாடி விரியன், இவற்றுக்கு மேல் அங்கே பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு மதுரைக்காரர்களுக்கு வருவதில்லை. நமக்குத் தெரிந்த முதலை, மாசிப் பௌர்ணமிக்குத் திருமோகூர்ப் பெருமாள் யானைமலை அடிவாரத்து நரசிங்கத்துக்கு எழுந்தருளும்போது நடக்கும் கஜேந்திர மோட்சத்தில் வருகிற முதலைதான்.

அந்தக் கண்மாய்ப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதிலிருந்து நல்ல காரியங்கள் விளைந்திருக்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகியவை அந்தக் குன்றுகளில் வாழ்கின்றன என்பது அந்த அறிவிப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. வெயில் பாராமல் பாறை பாறையாக ஏறிப் பறவைகளைப் பதிவு செய்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பிறகு அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் மேலூர்ப் பக்கம் ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. ஒரு படம் ஒரு மலைக்குத் துணை நிற்க முடியும் என்று பார்த்தவர்கள் நாம். அதனால்தான் முதலைப் படம் முதலைக்கு வினையாக முடியக் கூடாது என்று இவ்வளவு கவலைப்படுகிறேன்.

அமராவதியில் நான் கூட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பங்குனி மாதக் காலை. அணையில் தண்ணீர் நன்றாக இறங்கி, கரையோர வண்டல் வெடித்துக் கிடந்தது. வனத்துறை அனுமதியோடு போன சிறு குழு, கூடவே ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். எதிரே மணல் திட்டில் பெரிய முதலை ஒன்று வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சூடு தணிப்பதற்காக அப்படிக் கிடக்கும், கோபம் ஒன்றும் இல்லை. எங்களோடு வந்த இளைஞர் ஒருவர் நல்ல கலைஞர். இரண்டு முழங்கையையும் ஈர வண்டலில் ஊன்றி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே லென்ஸை வைத்துப் படுத்துவிட்டார். எங்கள் எல்லோர் கண்ணும் திட்டில் கிடந்த முதலை மேல்தான்.

காவலர் மட்டும் அந்த முதலையைப் பார்க்கவில்லை. இளைஞருக்கு இடப்பக்கம், கெண்டைக் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் திடீரென்று சிதறின. அவர் கத்தவில்லை. “சாமி, அப்படியே பொறகால வாங்க. எந்திரிக்க வேண்டாம், மொதல்ல நகுந்து வாங்க” என்று சொல்லிக்கொண்டே இளைஞரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இளைஞர் பின்னால் வந்து உட்கார்ந்து, என்ன அண்ணே என்று கேட்பதற்குள் தண்ணீருக்கு மேலே ஒரு தலை வந்தது. முழங்கை பதிந்த இரண்டு குழியிலும் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு ஆள் நீளம் இருக்கும். முதலில் மூக்குத் துவாரத்தின் மடல்கள் திறந்தன. பிறகு இரண்டு கண்கள், பொன்னிறத்தில் செங்குத்தாக ஒரு கறுப்புக் கீறல். பிடரிச் செதில்களில் பச்சைப் பாசி படிந்திருந்தது. கண் மேல் கண்ணாடி போல ஒரு மெல்லிய சவ்வு குறுக்காக ஓடித் திரும்பியது. எங்களை அது கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரு சுழி கூட இல்லாமல் கீழே போய்விட்டது.

நடந்தது அவ்வளவுதான். யாருக்கும் கீறல் இல்லை. அந்த முதலை பாய்ந்திருக்குமா, வெறுமனே பார்க்க வந்ததா என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம். அது வந்ததை கேமரா பிடித்த எங்களில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கு நம் கருவியிலேயே பதில் இருக்கிறது. 600 மில்லிமீட்டர் லென்ஸ் வழியாகத் தெரியும் உலகம் மூலைக்கு மூலை சுமார் 4 பாகைதான். இரண்டு கண்ணும் திறந்து நிற்கிற மனிதருக்கு ஏறக்குறைய 180 பாகை தெரியும். படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடியவர் தன்னைச் சுற்றி உள்ள எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அந்த 4 பாகையை வாங்குகிறார். சாமநத்தத்தில் அது நஷ்டமில்லாத வியாபாரம். அமராவதியில் அப்படி இல்லை.

நம்மால் முதலையைப் பார்க்க முடியாதபோது அதற்கு நம்மைத் தெரிகிற அளவு கொஞ்சநஞ்சமல்ல. 2002-இல் டேஃப்னி சோரெஸ் என்ற ஆய்வாளர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அலிகேட்டரின் தாடையைச் சுற்றிச் சிறு கறுப்புப் புள்ளிகள் போல இருப்பவை தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்புகள் என்று காட்டினார். கும்மிருட்டில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அலிகேட்டர் அந்தத் திசைக்குத் திரும்பியது. அந்தப் புள்ளிகளை மூடிவிட்டால் திரும்பவில்லை. அலிகேட்டருக்கு இவை தாடையோடு சரி. நம் முதலைகளுக்கு உடம்பெங்கும் செதிலுக்குச் செதில் உண்டு. வண்டலில் முழங்கையை மாற்றி ஊன்றும்போது எழும் சின்ன அலையைப் பற்றி நீங்கள் நினைப்பதே இல்லை. அதற்கு அது வாசலில் யாரோ கூப்பிடுவது போல.

பறவைப் படக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரது கூட்டாளிகளும் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையைப் பார்த்திருப்பீர்கள். கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் அங்குள்ள நன்னீர் முதலைகள் மூக்கின் மேல் குச்சிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடந்ததையும், குச்சி எடுக்க வந்த கொக்கைப் பிடிக்கப் பாய்ந்ததையும் விளாடிமிர் டினெட்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் எழுதினார்கள். குச்சியை வேண்டுமென்றே வைத்ததா, தற்செயலா என்பதில் பிறகு கருத்து வேறுபாடு வந்தது. எதுவானாலும், கொக்கு எந்த இடத்துக்கு இறங்கும் என்று தெரிந்து அங்கே காத்துக்கிடக்கும் விலங்கு அது. நாளைக் காலையும் அதே வெளிச்சம் வேண்டும் என்று நீங்கள் அதே இடத்தில், அதே நேரத்தில் போய்ப் படுப்பீர்கள் என்பதை இரண்டே நாளில் அது படித்துவிடும்.

அலிகேட்டர் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில் அலிகேட்டர் முகத்துக்கு எதிரே படுத்து எடுத்த படங்கள் உங்கள் செல்போனில் வந்தபடி இருக்கின்றன. எடுத்தவரின் பூட்ஸ் நுனியில் அதன் மூக்கு இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசையே வருகிறது. அலிகேட்டர் நம் நாட்டுக் காடுகளில் கிடையாது. இந்தியாவில் உள்ளவை நன்னீர் முதலை, உவர்நீர் முதலை, வடக்கே நீள்மூக்குடைய கரியால் ஆகிய மூன்றுதான். பொதுவாக அலிகேட்டர் மனிதரிடம் காட்டும் பொறுமையை நன்னீர் முதலையிடமும் எதிர்பார்ப்பது நாமே கற்பித்துக்கொள்வது. அப்படிப் பொறுமையான விலங்கு வாழும் புளோரிடாவிலேயே அலிகேட்டருக்கு இரை போடுவது சட்டப்படி குற்றம். இரை தின்று பழகியது மனிதரைக் கண்டு விலகாது, கடைசியில் அதைத்தான் பிடித்துக் கொல்ல வேண்டி வரும் என்பதால் அந்தச் சட்டம்.

இரை என்றதும் சிலர் தலை குனிவீர்கள் என்று நம்புகிறேன். கோழிக்குடலைக் கயிற்றில் கட்டி வீசி, முதலை வாய் திறக்கும் நொடியைப் பிடிக்கிற பழக்கம் நம் பக்கமும் வந்துவிட்டது. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் படத்தோடு அன்று மாலையே மதுரை திரும்பிவிடுவீர்கள். கரையில் ஆள் நடமாட்டம் என்றால் இரை என்று கற்றுக்கொண்ட முதலை அங்கேயே இருக்கும். மறுநாள் விடிகாலை அதே கரையில் பரிசலை இறக்கி வலை வீசப் போகிறவர் உங்கள் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

கொள்ளிடக் கரைக்குப் போனால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்தை ஒட்டிய ஊர்களில் துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் இறங்கியவர்கள் முதலையிடம் பிடிபட்டிருக்கிறார்கள். கை கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள், உயிர் போன வீடுகளும் இருக்கின்றன. வெள்ளக் காலத்தில் வாய்க்கால் வழியே ஊர்க்குளத்துக்கு முதலை வந்துவிடும். வனத்துறையினர் கயிறு போட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரில் இறங்குவது விருப்பமல்ல, பிழைப்பு. நமக்கோ எழுந்து நான்கு அடி பின்னால் போக எல்லா வசதியும் இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு இறங்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கும் துறையில், வெளியூரிலிருந்து வந்த நாம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு படுத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்பார்கள்?

விளிம்பு என்பது சிறிய விஷயமில்லை என்பதற்கு இலங்கையில் நடந்த ஒன்று போதும். 2017 செப்டம்பரில் லண்டன் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழின் இளம் செய்தியாளர் பால் மக்லீன் அறுகம்பைப் பக்கம் விடுமுறைக்கு வந்திருந்தார். களப்பின் ஓரம் சென்றவரை முதலை இழுத்துக்கொண்டது. அவர் நீந்தப் போகவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. உவர்நீர் முதலைகள் நிறைந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கவும், கூடாரம் போடுவதானால் 50 மீட்டர் தள்ளிப் போடவும் அரசு சொல்கிறது. அந்த 5 மீட்டரை நாமும் எடுத்துக்கொள்ளலாம். நம் லென்ஸ்களுக்கு 5 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

திருவள்ளுவர் முதலையைப் பேசும் இடம் இடனறிதல் அதிகாரம், 495-ஆம் குறள். ஆழ்ந்த நீரில் முதலை மற்ற எதையும் வென்றுவிடும், நீரை விட்டு வெளியே வந்தால் மற்றவை அதை வென்றுவிடும் என்கிறார். முதல் பாதியைத்தான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதி நம் காலத்தில் நடந்து முடிந்த கதை. தோலுக்காக வேட்டையாடி 1970-களின் தொடக்கத்தில் இந்திய ஆறுகளில் முதலைகளை ஏறத்தாழத் துடைத்தே விட்டோம். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நன்னீர் முதலை அதன் முதல் பட்டியலில் உள்ளது. 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அமராவதி அணையையொட்டி முதலைப் பண்ணை அமைத்து, சுற்றுப்புறக் கூடுகளிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தார்கள். இன்று அணையிலும் அதில் வந்து சேரும் சின்னாறு, தேனாறு, பாம்பாற்றிலும் வாழும் முதலைகளைத்தான் தென்னிந்தியாவில் காட்டில் இனப்பெருக்கம் செய்யும் மிகப் பெரிய நன்னீர் முதலைக் கூட்டம் என்கிறார்கள். ஒரு தலைமுறை உழைத்து மீட்டுக்கொடுத்ததைத்தான் நாம் படம் எடுக்கப் போகிறோம்.

நாம் போகிற பருவமும் முதலைக்குச் சங்கடமான பருவம். மாசி முதல் சித்திரை வரை பெண் முதலை கரையில் குழி தோண்டி முட்டையிடும், 25, 30 முட்டை இருக்கும். இரண்டு மாதம் அந்தக் குழியை விட்டு அதிகம் அகலாது. குஞ்சுகளின் குரல் கேட்டதும் மண்ணைப் பறித்து, அவற்றை வாயில் வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகும். அந்தப் படத்துக்கு ஆசைப்படாதவர் யார்? ஆனால் குழிக்குப் பக்கத்தில் நாம் உட்கார்ந்தால் ஒன்று தாய் நம் மேல் வரும், இல்லையென்றால் நமக்குப் பயந்து தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடும். அந்த நேரத்தில் உடும்பும் நரியும் காட்டுப்பன்றியும் முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடும். ஊர்வனவற்றின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை 1972 சட்டம் வேட்டை என்ற விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை, கேமராவே போதும்.

நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். மறுநாள் செய்தியில் ‘கொலைகார முதலை’ என்றுதான் வரும். ஊர் திரண்டு அதைப் பிடிக்கச் சொல்லும். படுத்திருந்தவர் எவ்வளவு பக்கத்தில் படுத்திருந்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் வால் பிளம்வுட் 1985 பிப்ரவரியில் ககாடு பூங்காவில் தனியாகச் சிறு படகில் போனபோது உவர்நீர் முதலை அவரைப் பிடித்து மூன்று முறை தண்ணீருக்குள் உருட்டியது. கிழிந்த காலோடு மணிக்கணக்கில் ஊர்ந்து பிழைத்தார். அந்த முதலையைத் தேடிச் சுடலாம் என்று பேச்சு வந்தபோது, அதன் இடத்துக்குப் போனது நான்தான், அதைக் கொல்லாதீர்கள் என்று தடுத்தவரும் அவர்தான். எல்லோருக்கும் அந்த மனம் வாய்க்காது. அப்படிப்பட்ட மனம் தேவைப்படும் நிலைமையை நாம் உண்டாக்காமல் இருக்கலாமே.

முதலை கெட்ட விலங்கு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர்ப் பக்கம் சாலையைக் கடந்து போன முதலையின் வீடியோவை எல்லோரும் பார்த்தீர்கள். அது யாரையும் தேடி வரவில்லை, அவசரமாகப் புதருக்குள் போய் மறைந்தது. மனிதரை விட்டு விலகிப் போவதே அதன் இயல்பு. அது விலகிப் போக வழி விடுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். உயரமான கரையில் உட்கார்ந்து எடுங்கள். ஆனால் மண் சரிந்து குடைந்திருக்கும் கரையின் நுனியில் உட்காராதீர்கள், அதற்கடியில் முதலை வளை இருக்கலாம். ஒருவர் லென்ஸில் கண் வைத்தால் இன்னொருவர் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், முறை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாள் ஒரே இடத்துக்குப் போகாதீர்கள். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், படத்தோடு வெளியிடவும் வேண்டாம். படம் வெளியிடும்போது எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ், எவ்வளவு தூரம் என்று சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளை, பக்கத்தில் போகாமலே இப்படி எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளட்டும். நம் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில், இரை போட்டு எடுத்த படத்துக்கும் தண்ணீர் விளிம்பில் படுத்து எடுத்த முதலைப் படத்துக்கும் பரிசு கிடையாது என்று, நடுவர்களே, முன்கூட்டியே அறிவியுங்கள். இந்த ஆண்டே அறிவியுங்கள்.

காவலர் ‘போதும் சாமி, வாங்க’ என்றால், இன்னும் ஒரு ஃபிரேம் என்று கெஞ்சாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்களில் மூத்த ஒருவர்